தேவராஜ் பெயரில் ஒரு தாள்

பூந்தமல்லி
6-1-1993

அன்புத் தங்கை செலினுக்கு,

அண்ணன் ராயப்பன் எழுதுவது. சுகமா என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சுகம். நாக்பூர்க் குளிரில் உனக்கும் ஒரு குறை வராமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

இந்த வருஷமும் மாநில மூத்தோர் கூடைப்பந்துப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் ஆடுவது. நான்கு தடவை அரையிறுதியில் தோற்றிருக்கிறோம். நான்கு தடவையும் எதிரே நின்றவர்கள் காலேஜில் படித்தவர்கள். என்னைப் போல ஆவடி ரயில்வே காலனிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்து ஆட்டம் கற்றவனுக்கு விசில் ஒரு மாதிரி ஊதும், காலேஜ் மைதானத்தில் கற்றவனுக்கு வேறு மாதிரி ஊதும். இருபது வருஷமாகச் சொல்கிறேன். யாரும் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதுமில்லை.

பயிற்சி வழக்கம்போல நூம்பல் ரைஸ்மில் களத்தில்தான். அறுவடை வந்துவிட்டதால் பாதிக் களத்தில் நெல் காய்கிறது. பந்து நெல்லில் விழுந்தால் விட்டவன்தான் கிளறி வாரிச் சமன் செய்ய வேண்டும்.

இந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆடுகிற ஒவ்வொருவரும் நெஞ்சை ஈசிஜி எடுத்துத் தாளைக் கொடுக்க வேண்டுமாம். போன வருஷம் நம் வீராசாமி அதே களத்தில் பந்தைப் பிடித்தபடியே விழுந்து இறந்தானே, அதனால் வந்த சட்டம். சொன்னதும் என் ஆட்கள் ஏழு பேர் முகமும் செத்துப்போயிற்று. மிஷினுக்குப் பயப்படுகிறார்கள்! துலுக்கானம் சொன்னான்:

"அண்ணாத்தே, உள்ள இன்னா கீதுன்னு தெரியாத வரைக்கும் நல்லாத்தான் கீறேன். அந்த ஒயர ஒட்டினானுங்கன்னா, அன்னைக்கே நான் காலி."

"பயந்தாங்கொள்ளிப் பசங்களா, ஒருத்தனும் போக வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணி சகாயமேரி போனபின் இந்த ஏழு பேர்தான் எனக்கு வீடு என்று உனக்குத் தெரியும். எங்கள் பழக்கமும் தெரியும். அடித்தவன், தள்ளியவன், நடுவர் பார்க்காவிட்டாலும் தானாகக் கையைத் தூக்க வேண்டும். முன்பெல்லாம் எல்லா அணியிலும் இருந்த வழக்கம்தான். இப்போது நாங்கள் தூக்கினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பழக்கத்தை நான் மாற்றமாட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு
உன் அண்ணன் ராயப்பன்


நாக்பூர்
15-1-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செலின் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் பொங்கலன்று கையில் கிடைத்தது. அன்று எனக்குப் பகல் டியூட்டி. வார்டில் அடுப்பும் இல்லை, பானையும் இல்லை. உங்கள் கடிதம்தான் பொங்கல்.

"நான் பாத்துக்கிறேன்" என்றால் என்ன அண்ணா? அவர்கள் நெஞ்சை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? ஈசிஜி வலிக்காது, பத்து நிமிஷ வேலை என்று துலுக்கானத்திடம் சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நான் வந்திருந்தபோது கோயில் பாடகர் மேடைக்குப் போகும் படியில் பாதியில் நின்றீர்கள். செருப்பு வார் பிய்ந்துவிட்டது என்றீர்கள். பிறகு பார்த்தேன், வார் பிய்யவில்லை. மூச்சு வாங்கியதா?

மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
செலின்


பூந்தமல்லி
2-2-1993

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்குக் குறைவில்லை என்று நம்புகிறேன்.

ஆவடியில் நடந்த மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். தேவராஜ் இடது கையால் போட்டது ஒன்றும் வீணாகவில்லை. துலுக்கானம் யாரும் பார்க்காத ஒரு தள்ளலுக்குக் கை தூக்கினான். எதிரணிக்காரன் அவனைப் பார்த்து, "பெரிசுக்கு வெயில் தலைக்கேறிப் போச்சு மாமே" என்றான். ஆட்டம் முடிந்ததும் அவனே வந்து கை கொடுத்தான்.

ஈசிஜி தாள் எட்டும் கொடுத்தாயிற்று. எல்லாம் நேர். ஆனால் தேவராஜ் பெயரில் எடுத்ததில் முதல் தாள் மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் மாடியில் இருக்கிற இடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து, வேலப்பன்சாவடி வழியாகச் சைக்கிளை வேகமாக மிதித்து வந்து மாடி ஏறின கையோடு எடுத்தது. மிஷினில் கோளாறு இருக்கும். மறுநாள் வேறு இடத்தில் ஒரு மணி நேரம் படுத்திருந்து எடுத்தது நேராக வந்தது. அதைத்தான் போட்டிக் குழுவுக்குக் கொடுத்தோம்.

இருந்தாலும் முதல் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சும்மா காட்டு. மிஷின் கோளாறுதானே என்று கேட்டு எழுது. அவசரமில்லை.

அண்ணன்
ராயப்பன்

பின்குறிப்பு: அவசரமில்லை என்று எழுதினேன். ஆனாலும் தாமதிக்காதே.


நாக்பூர்
10-2-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் கேட்டு எழுத இப்போது நேரமில்லை. தாளை எங்கள் இதய டாக்டரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஆள் எங்கே?" என்று கேட்டார். "மெட்ராஸில், கூடைப்பந்து ஆடுகிறார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

மிஷின் கோளாறு இல்லை அண்ணா. கோடு கீழே இறங்கியிருக்கிறதே, அங்கே இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை. படுத்திருந்து எடுத்தால் நேராக வரும். ஓடினால், ஏறினால் இப்படி இறங்கும். ஒரு நாள் இறங்கினது ஏறாமலே போகும். வீராசாமிக்கு அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேவராஜ் இனி ஓடக்கூடாது. ஒரு நாள்கூட. அவருக்குப் பெண்ணும் பிள்ளையும் இருக்கிறார்கள். அவர் மனைவி ராணியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவளிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

படியில் நின்றதைப் பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை.

செலின்


பூந்தமல்லி
19-2-1993

அன்புத் தங்கைக்கு,

சுகம்.

நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இது எங்கள் அணி விஷயம். ராணிக்கு எழுதாதே. எழுதவே எழுதாதே.

உன் டாக்டர் நாக்பூரில் உட்கார்ந்து தாளைப் பார்த்தார். நான் ஆளைப் பார்க்கிறேன். போன ஞாயிறு வேலூரில் தேவராஜ் நாற்பது நிமிஷமும் ஓடினான். இருபத்தொரு பாயிண்ட் போட்டான். முடிந்ததும் இரண்டு பிளேட் புரோட்டா தின்றான். நெஞ்சுவலிக்காரன் தின்கிற தீனியா அது? மண்டலப் போட்டியும் ஜெயித்தாயிற்று. இனி அரையிறுதி. அதுவும் தாண்டினால் ஏப்ரல் 18 திருச்சியில் இறுதி ஆட்டம்.

நான் இரண்டாம் பாதியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். முட்டி.

இப்போதெல்லாம் பந்து கைக்கு வருமுன் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. வயதானால் அப்படித்தான். இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இன்லேண்டு லெட்டரில் அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன்
ராயப்பன்


நாக்பூர்
27-2-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

மன்னியுங்கள். உங்களுக்கு எழுதின அன்றே ராணிக்கும் எழுதிவிட்டேன். நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும். வீராசாமி அடக்கத்தன்று அவர் மனைவி அவர் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் எனக்கு எழுதினீர்கள். இன்னொரு ஷூ இன்னொரு மடிக்குப் போக வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

செலின்


பூந்தமல்லி
12-3-1993

செலினுக்கு,

சுகம்.

நீ செய்த வேலையின் பலனைக் கேள். போன ஞாயிறு பூசை முடிந்து களத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். ராணி, தாமதமாக வந்து சேர்ந்த உன் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, காய்கிற நெல்லை மிதித்துக்கொண்டு நேராக வந்தாள்.

"இன்னாய்யா நெனச்சுகினு கீறே? நெஞ்சுல நோவ வச்சுகினு பந்து ஆட வந்துட்டியா? வீராசாமி ஊட்டுக்காரி குந்திகினு கீறாளே, அவ பக்கத்துல என்னையும் குந்த வச்சுட்டுப் போலாம்னு பாக்குறியா?"

தேவராஜ் கடிதத்தை வாங்கிப் படித்தான். அவனுக்குப் படிப்பு மெதுவாகத்தான் வரும். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தான். துலுக்கானம் பார்த்தான். மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். எதற்கு எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும்? மில்லில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் பந்தில் ஒட்டியிருந்த உமியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துத் தேவராஜ் கையைத் தூக்கினான். விளையாட்டில் தூக்குவது போலவே, தோளுக்கு மேலே, நேராக.

"ஆமா ராணி. என்துதான். இனிமே ஓடமாட்டேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவுதான் நடந்தது.

அன்றிலிருந்து அவன் ஆடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் வருகிறான். டிராயர் போட்டு, ஷூ கட்டி, கம்பத்தடியில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறான். இடது கைக்காரன் இல்லாமல் அரையிறுதியில் எப்படி ஆடுவது? இத்தனை வருஷம் கழித்து இந்தத் தடவைதான் வழி திறந்தது. அதை அடைத்தவள் என் கூடப் பிறந்தவள்.

இனி எனக்கு எழுதாதே.

ராயப்பன்


நாக்பூர்
25-3-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

ராணியிடமிருந்து கடிதம் வந்தது. தேவராஜ் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவே இல்லையாம். ஜனவரி மாதம் முழுக்க அவருக்கு ஆவடியில் இரண்டாவது ஷிப்ட். வேலை, வீடு, களம் தவிர எங்கும் போகவில்லை என்கிறாள். அவருக்குச் சைக்கிளே கிடையாதாம். கேட்டால் சிரித்து மழுப்புகிறாராம்.

வேலப்பன்சாவடி வழியாகச் சைக்கிள் மிதித்து வந்தது யார் அண்ணா? அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பது யார்?

எட்டுத் தாளையும் நீங்களே எடுத்தீர்கள். எட்டுப் பெயரில் ஒரே நெஞ்சு. ஏழு பேரும் பயந்தார்கள் என்று நீங்களே போய்ப் படுத்தீர்கள். அவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் அன்று உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் உமி துடைத்தீர்கள்.

என் டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குச் சொன்னது. நான் அந்தத் தாளை என் கையால் பிடித்து, யாரோ ஒருவருடையது என்று நினைத்து, "பாவம், தேவராஜ்" என்று சொன்னேன். இப்போது அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கக் கை வரவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். ஈஸ்டர் முடிந்துதான் தருவார்கள். அதுவரை ஓடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

செலின்


நாக்பூர்
7-4-1993

அண்ணா,

பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் கேட்டில் நுழைந்தால் வார்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன். தந்தி வந்தால் வாங்கமாட்டேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான்.

சுகம் என்று ஒரு கார்டு போடுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

செலின்


திருச்சி
21-4-1993

அன்புத் தங்கை செலினுக்கு,

அண்ணன் ராயப்பன் எழுதுவது. கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் இரண்டு கடிதமும் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. நான்கு தடவை பதில் எழுதினேன். நான்கிலும் முதல் வார்த்தை சுகம் என்று வந்தது. கிழித்துப் போட்டேன்.

முன்பு எழுதாமல் விட்டதை முதலில் எழுதுகிறேன். ராணி வந்துபோன அன்று தேவராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, உனக்கு டைம் குடுத்தேன். நீ தூக்கல. பேப்பர்ல என் பேர் கீது, அதான் நான் தூக்கினேன். அந்த நெஞ்சு எப்ப உக்காருதோ, அப்ப நான் எழுந்துக்கிறேன்."

"மிஷின் கோளாறுடா."

"சரி. மிஷின் சரியாவற வரைக்கும் நான் மூட்ட மேலயே கீறேன்."

அவன் இல்லாமலே அரையிறுதியை ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் முழுக்க ஆறு பேரும் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் ஓடினால் பக்கத்திலேயே ஓடினார்கள். எனக்குப் பந்து கொடுக்கவே இல்லை. ஏன்டா என்று கேட்டால், "மறந்துட்டோம் நைனா" என்றார்கள்.

பதினெட்டாம் தேதி காலை திருச்சி ஜங்ஷனில் இறங்கினோம். மேம்பாலப் படி. பதினோராவது படியில் எனக்குக் கோயில் படியில் போலவே ஆயிற்று. வலி தாடை வரைக்கும் ஏறியது. கம்பியைப் பிடித்து நின்று, ஷூ லேஸ் அவிழ்ந்ததுபோலக் குனிந்தேன். திரும்பிப் பார்த்தால், செலின், ஏழு பேரும் படியில் வரிசையாகக் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் செருப்புதான் போட்டிருந்தார்கள்.

அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஜனவரியில் மிஷினுக்குப் பயந்த அதே முகம். இப்போது பயம் எனக்காக. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மைதானத்துக்குப் போய் நேராகப் போட்டிக் குழு மேஜைக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினேன். வெள்ளைச் சட்டை போட்ட செயலாளர், சின்ன வயசு, நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், ஃபவுலா? மேட்ச் சாயங்காலம்தானே?"

"ஃபவுல்தான். எட்டுத் தாளும் என் நெஞ்சு. அதுவும் கெட்டுப்போன நெஞ்சு."

நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உட்காரமாட்டேன் என்றேன். அணியை நீக்கியிருக்கலாம், அவருக்கு உரிமை உண்டு. நான்கு மணிக்குள் அவரவர் நெஞ்சை அவரவர் காட்டித் தாள் கொண்டுவந்தால், தாள் உள்ளவர்கள் ஆடலாம் என்றார். காலேஜில் படித்தவர்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையாக நின்றோம். துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டு, "மாரியாத்தா, மாதாவே, ரெண்டு பேரும் வாங்க" என்றான். எங்களில் பால்ராஜுக்கு ரத்த அழுத்தம் என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற ஆறு பேருக்கும் நேர். கடைசியாக நான் படுத்தேன். டாக்டர் தாளைப் பார்த்தார், நர்ஸிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் வந்து என் ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் நான் எழுந்திருக்கவில்லை.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இருபது வருஷம் காத்திருந்த ஆட்டம். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்கு எல்லோரும் வேர்வையோடு வார்டுக்குள் வந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு பாயிண்டில் தோல்வி. கடைசி ஒன்பது செகண்டில் நாம் ஒரு பாயிண்ட் முன்னால். எதிரணிக்காரன் பந்தைப் போடுகையில் தேவராஜ் விரல் அவன் மணிக்கட்டில் பட்டிருக்கிறது. பந்து வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது. நடுவர் பார்க்கவில்லை. தேவராஜ் கை தூக்கிவிட்டான். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் உள்ளே.

"ஏன்டா தூக்கினே? யாருமே பாக்கலையேடா!" என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

"நீ காலைல தூக்கினே இல்ல? அப்பறம் நான் எப்டி அண்ணாத்தே கீழ வச்சுகினு நிப்பேன்?" என்றான்.

எனக்கு இன்னும் கோபம்தான். அந்தக் கோப்பை நம்முடையது. அடுத்த வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாவது அதை வாங்குவேன். இதில் மாற்றமில்லை.

வெள்ளிக்கிழமை மெட்ராஸுக்குக் கொண்டுபோகிறார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு நெஞ்சைப் பார்ப்பார்களாம். அதற்குப்பின் அறுக்க வேண்டுமா என்று சொல்வார்கள். தேவராஜும் ராணியும் இங்கேயே இருக்கிறார்கள். ராணி என்னோடு பேசுவதில்லை. கஞ்சி மட்டும் மூன்று வேளையும் வருகிறது.

உன் பைபிளில் வைத்திருக்கிற தாளில் தேவராஜ் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுது. அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வரும்போது கொண்டு வா, டாக்டர் கேட்கிறார்.

இந்தக் கடிதத்தில் என் சுகத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கவனித்திருப்பாய். பயமாக இருக்கிறது செலின். சீக்கிரம் வா.

உன் அண்ணன்
ராயப்பன்